பரத் கோபியின் வாழ்க்கை 1986-ல் முடியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் இந்திய மாற்று சினிமா நடிகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நசிருதீன் ஷா, ஓம் புரி, ஸ்மிதா பாட்டீல் மூவருக்கும் முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஒதுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. மலையாள நடிகர் பரத் கோபிக்கு மூன்று வரி. அந்த மூன்றாவது வரி, பக்கவாதத்தால் அவருடைய திரைவாழ்வு 1986-ல் முடிந்துபோனது என்கிறது. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தவறு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த மனிதருக்கு ஓர் இடம் உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சுருக்கிப் போட்டாலும் சரி, பிற்பாதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நான் தக்கலைக்காரன். 1951-ல் நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மாநிலம் மாறினாலும் எங்களுக்கு மலையாளம் அந்நிய பாஷை ஆகிவிடவில்லை. சந்தையில் பேசுவோம், பேருந்தில் பேசுவோம், சினிமாவும் அந்த மொழியில் பார்ப்போம். 36 வருஷம் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து 2009-ல் ஓய்வு பெற்றேன். கோபியும் மின்வாரியத்துக்காரர். கேரள மின்வாரியத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். பாக்கிப் பட்டியலும் வசூல் பதிவேடுமாகப் பகலெல்லாம் குனிந்தே கிடந்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு ஓடுவதற்கு உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் இளவயதில் கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாடகம் போட்டுவிட்டு, மூன்றாவதுக்குத் தெம்பில்லாமல் விட்டுவிட்டவன்.

அவர் பிறந்தது 1937-ல், திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரத்தை ஒட்டிய சிறயின்கீழ் என்னும் ஊரில். இயற்பெயர் கோபிநாதன் நாயர். பிரேம் நசீருக்கும் அதே ஊர்தான். நசீரைத் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான படங்களில் கதாநாயகன், அழகுக்குப் பெயர்போன முகம். அதே மண்ணில் பத்துப் பதினோரு வருஷம் பிந்திப் பிறந்த இவருக்கோ இளமையிலேயே முன்மண்டை வழுக்கை. கதாநாயகனுக்குரிய முகம் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜி. சங்கரப்பிள்ளையின் நாடகங்களில் நடித்தார். பிறகு காவாலம் நாராயண பணிக்கரின் 'திருவரங்கு' குழுவில் சேர்ந்தார். 'அவனவன் கடம்பா' நாடகத்தைத் திரைப்பட இயக்குநர் அரவிந்தன் இயக்கியபோது அதில் இவரும் நெடுமுடி வேணுவும் இருந்தார்கள். அரங்கத்துக்குள் அடைபடாமல், மரத்தடியில், வெட்டவெளியில் போட்ட நாடகம் அது. மேளத்துக்கு ஆடவும், வாய்த்தாரி (வாயால் சொல்லும் தாளக்கட்டு) சொல்லவும், உடம்பை வளைக்கவும் தெரிந்தவர்கள்தான் அதில் நிற்க முடியும். பிற்பாடு திரையில் கோபி சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த உடம்பு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். அது இங்கே படிந்த பழக்கம் என்று நினைக்கிறேன்.

1972-ல் அடூர் கோபாலகிருஷ்ணன் தன் முதல் படமான 'சுயம்வரம்' எடுத்தபோது கோபிக்குக் கிடைத்தது வேலை பறிபோன ஒரு தொழிலாளியின் சின்ன வேடம். ஐந்து வருஷம் கழித்து, அடூரின் இரண்டாவது படத்தில் அவர்தான் எல்லாம். 'கொடியேற்றம்'.

அந்தப் படத்தை நான் 1978-ல் திருவனந்தபுரத்தில் என் அண்ணனோடு பார்த்தேன். அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போனபின் பதினைந்து வயதில் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராகி, என்னைப் படிக்க வைத்தவர். வாழைக்குலை, செங்கல், ரப்பர் ஷீட் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்கும் கொச்சிக்கும் இடையில் ஓட்டியவர். சினிமா என்றால் அவருக்குச் சண்டை இருக்க வேண்டும், பாட்டு இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத படத்துக்கு அழைத்துப் போகிறோமே என்று எனக்கு உள்ளூர உதறல்தான். 'கொடியேற்ற'த்தில் பாட்டு கிடையாது, பின்னணி இசையே கிடையாது. திருவிழா மேளம் கேட்கும், லாரி இரையும், இலை போட்டுச் சாப்பிடுகிற சத்தம் கேட்கும். கறுப்பு வெள்ளை.

கதை இதுதான். சங்கரன்குட்டி என்று முப்பது தாண்டிய ஓர் ஆள். பட்டணத்தில் வீட்டு வேலை செய்யும் தங்கையின் காசில் சாப்பிடுகிறான். எந்த ஊரில் திருவிழா என்றாலும் போய்விடுவான். யானை பார்ப்பான், பிள்ளைகளோடு விளையாடுவான், யார் என்ன வேலை சொன்னாலும் செய்வான். கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள். கட்டியவளை வீட்டில் விட்டுவிட்டு அவன் பாட்டுக்குத் திருவிழாவுக்குக் கிளம்பிவிடுகிறான். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியாகத் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த மனைவியாக வந்தவர் கே.பி.ஏ.சி. லலிதா. 'அலைபாயுதே'யில் ஷாலினிக்கு அம்மாவாக வந்தாரே, அவர்தான். பிறகு சங்கரன்குட்டி ஒரு லாரியில் உதவியாளாகச் சேருகிறான். கொஞ்சம் கொஞ்சமாக மனுஷனாகிறான். இவ்வளவுதான் படம்.

அதில் ஓர் இடம். சாலையோரம் சங்கரன்குட்டி நடந்து போகிறான். ஒரு வண்டி வேகமாகக் கடந்து சேற்றை வாரி மேலே அடித்துவிட்டுப் போகிறது. நம்மைப் போன்றவன் என்ன செய்வான்? நாலு வார்த்தை திட்டுவான். சங்கரன்குட்டி அந்த வண்டி போன திசையையே பார்த்து, என்னா ஸ்பீடு என்று அதிசயிக்கிறான். முகத்தில் வழியும் சேறு அவன் நினைவிலேயே இல்லை. தியேட்டர் சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. "லேய், நான் சின்னதுல இப்படித்தான் நின்னு பாத்தேன்" என்றார். லாரியில் ஏற வேண்டும் என்கிற ஆசை அவருக்கு எப்படி வந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் சாப்பாடு. சங்கரன்குட்டி இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் உலகத்தில் வேறெதுவும் அவனுக்கு இல்லை. கோபி அதைக் கொஞ்சமும் கோமாளித்தனம் கலக்காமல் செய்தார். பெருந்தீனிக்காரன் என்றால் கன்னத்தை உப்பிக்கொள்வது, ஏப்பம் விடுவது, வயிற்றைத் தடவுவது என்று நம் படங்களில் எத்தனை பார்த்திருக்கிறோம். கோபியிடம் அந்த மாதிரி எதுவும் கிடையாது. சோற்றுக்கும் அவனுக்கும் நடுவில் யாரும் வர வேண்டாம் என்பதுபோல ஒரு முழுக் கவனம். அண்ணன் என் காதருகே குனிந்து சொன்னது இன்னும் ஒலிக்கிறது: "இவன் நடிக்கான்னா நெனச்ச? பசிச்சுல்லா திங்கான்!"

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

உங்கள் கட்டுரையாளர் அந்தப் பாத்திரத்தை 'மந்தபுத்திக்காரன்' என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. சங்கரன்குட்டிக்குப் புத்தியில் குறை எதுவும் இல்லை, பொறுப்புதான் இன்னும் வந்து சேரவில்லை. அது எந்த நிமிஷத்தில் வந்து சேர்கிறது என்று சுட்டிக்காட்ட முடியாதபடி கோபி நடித்ததுதான் விசேஷம். லாரியில் சேர்ந்த புதிதில் டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பார்வை இருக்கிறது. திட்டு விழுமோ, ஏதாவது வேலை சொல்லிவிடுவாரோ என்று கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கும் பார்வை. கிளீனராக இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். படம் போகப்போக அந்தப் பார்வை மெதுவாக நிமிர்கிறது. வசனத்தால் சொல்லவில்லை, அழுது காட்டவில்லை. கடைசியில் மனைவிக்கு ஒரு துணி வாங்கிக்கொண்டு போய் நிற்கிறானே, அந்த ஆள் முதல் காட்சியில் பார்த்த ஆளே இல்லை. எப்போது மாறினான் என்று நானும் அண்ணனும் திரும்பி வருகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். களியிக்காவிளை தாண்டியும் முடிவாகவில்லை.

1977-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அந்த வேடத்துக்குக் கிடைத்தது. அந்நாளில் அதற்குப் 'பரத்' என்று பெயர் வழங்கியது. 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது என்று நம் ஊரில் சுவரெழுத்தில் எல்லாம் எழுதினார்களே, அதே விருதுதான். அன்றிலிருந்து 'கொடியேற்றம் கோபி', பரத் கோபி ஆனார். விருதே பெயராகிவிட்டது. தமிழ் வாசகர்கள் பலர் பரத் என்பது அவருடைய சொந்தப் பெயர் என்றே நினைக்கிறார்கள். உங்கள் கட்டுரையும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அதற்குப் பிந்தைய வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-ல் அரவிந்தனின் 'தம்பு'. ஓர் ஊருக்கு வந்து கூடாரம் போட்டு, பிறகு பிரித்துக்கொண்டு போகிற சர்க்கஸ் கூட்டத்தைப் பற்றிய படம். அதன் பழைய பிரதியைப் புதுப்பித்து 2022-ல் கான் விழாவில் திரையிட்டார்கள். மணி கவுலின் இந்திப் படம் ஒன்று, கோவிந்த் நிஹலானியின் 'ஆகாத்' என்று வடக்கேயும் போய் நடித்தார். 1982-ல் கே.ஜி. ஜார்ஜின் 'யவனிகா'. நாடகக் கம்பெனித் தபலாக்காரன் அய்யப்பன். படத்தின் பெரும்பகுதியில் அய்யப்பன் காணாமல் போனவன், மற்றவர்கள் சொல்லச் சொல்லத்தான் அவன் திரையில் வருகிறான். குடிகாரன், பெண்ணை வதைப்பவன், ஆனால் தபலாவில் கை வைத்தால் அசாத்தியமானவன். சங்கரன்குட்டியைப் பார்த்து உருகிய அதே முகத்தைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்தது. 1984-ல் 'பஞ்சவடிப்பாலம்', நல்ல பாலத்தை இடித்துவிட்டுப் புதுப்பாலம் கட்டிப் பணம் பார்க்கும் பஞ்சாயத்துத் தலைவர் துச்சாசனக் குறுப்பு. அதே வருஷம் 'ஆதாமின்டெ வாரியெல்லு'. காண்டிராக்டுக்காக மனைவியையே பயன்படுத்தும் முதலாளி. அதற்கு முந்திய வருஷம் ஃபாசிலின் 'என்டெ மாமாட்டிக்குட்டியம்மைக்கு'. இதைத் தமிழில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், 'என் பொம்முக்குட்டி அம்மாவுக்கு'. சத்யராஜ் தமிழில் செய்த தகப்பன் வேடத்தை மலையாளத்தில் முதலில் செய்தவர் கோபி. சத்யராஜ் நன்றாகவே செய்தார். ஆனாலும் மலையாளத்தைப் பார்த்தவனுக்குக் கோபியின் முகம்தான் மனதில் நிற்கும்.

'சிதம்பர'த்துக்குக் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். தமிழர்கள் கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய மலையாளப் படம், பெரும்பாலோர் பார்க்காத படம். 1985, அரவிந்தன் இயக்கம், ஷாஜி என். கருணின் ஒளிப்பதிவு. அந்த வருஷத்தின் சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குத்தான். மூணாறு பக்கம் மாட்டுப்பெட்டியில் ஓர் அரசு மாட்டுப்பண்ணை. அதன் மேற்பார்வை அதிகாரி சங்கரனாகக் கோபி. அங்கே வேலை பார்க்கும் முனியாண்டி (சீனிவாசன்) தமிழ்நாட்டுப் பக்கம் தன் ஊருக்குப் போய்ச் சிவகாமியைக் கட்டிக்கொண்டு வருகிறான். சிவகாமி, ஸ்மிதா பாட்டீல். உங்கள் கட்டுரையில் ஸ்மிதாவுக்கு அத்தனை பத்தி எழுதியும் அவர் ஒரு தமிழ்ப் பெண்ணாக வாழ்ந்த இந்தப் படத்தைச் சொல்லாமல் விட்டது எனக்குக் குறையாகவே பட்டது.

சங்கரன் கெட்டவன் கிடையாது. மரியாதையானவன், தன்கீழ் வேலை செய்பவனிடம் அதிகாரம் காட்டாதவன், முனியாண்டிக்குச் சிநேகிதனாகவே இருந்தவன். அப்படிப்பட்டவன் சிவகாமியோடு ஒரு தப்பைச் செய்துவிடுகிறான். அது தெரிந்து முனியாண்டி தூக்குப் போட்டுக்கொள்கிறான். சங்கரன் அங்கிருந்து ஓடுகிறான். அந்த ஓட்டம்தான் படத்தின் மறுபாதி. குடிக்கிறான், ஊர் ஊராகத் திரிகிறான், எதிலும் நிலைகொள்ளவில்லை. கோபியின் வழுக்கைத் தலையும் கனத்த கண்ணிமையும் தளர்ந்த தோளும் சேர்ந்து குற்றத்தைச் சுமக்கின்றன. கடைசியில் சிதம்பரம் கோயில். தரிசனம் முடித்து வெளியே வந்து, செருப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காசு கொடுக்கக் குனிகிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். முகத்தில் வெட்டுத் தழும்பு. சிவகாமி. இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேமரா கோபுரத்தின் மேல் நிலை நிலையாக ஏறிப் போய்விடுகிறது. நான் சிதம்பரத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் செருப்பு விடுகிற இடத்தில் என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

1986-ல் கோபிக்குப் பக்கவாதம் வந்தது. ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. உடம்பையே கருவியாகக் கொண்ட ஒருவருக்கு அந்த உடம்பில் பாதி அடங்கிப்போனது. உங்கள் கட்டுரை இந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறது. நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன்.

1993 ஐப்பசி மழையில் என் அண்ணனுக்கும் அதே நோய் வந்தது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார், இடித்துவிடவில்லை. பின்னால் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். இடது கையும் காலும் போய்விட்டன. பேச்சு மெல்லத் திரும்பியது, கால் கொஞ்சம் தேறியது, கை அப்படியே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் தினமும் படிப்புரையில், அதாவது திண்ணையில், உட்கார்ந்து தெருவில் போகிற எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுகிற மனிதர். நோய்க்குப் பிறகு உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. யாராவது பார்க்க வந்தால் துவர்த்தை (எங்கள் ஊரில் துண்டுக்கு அதுதான் பெயர்) எடுத்து இடது கையின்மேல் போட்டு மூடிக்கொள்வார். முதலில் நுனியை இழுத்து விரல்களை மறைப்பார், பிறகு மணிக்கட்டை, அப்புறம்தான் வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். ஸ்டியரிங் பிடித்த கை அது. அண்ணி அந்தத் துவர்த்தை மட்டும் தனியாகத் துவைத்துப் போடுவார்கள்.

அந்த நாட்களில்தான் நான் கோபியைப் பற்றிச் செய்திகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நோய்க்குப் பிறகு அவர் ஒரு படத்தை இயக்கியிருந்தார், 'யமனம்'. நம் 'வீடு' அர்ச்சனா நடித்த படம். உடல் ஊனமுற்ற ஒரு பெண்ணின் வாழ்க்கை அதன் கதை. சமூகப் பிரச்சினை பற்றிய சிறந்த படம் என்று 1991-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதில் நடித்த சாந்தாதேவிக்குச் சிறந்த துணை நடிகை விருது. அதே 1991-ல்தான் கோபிக்குப் பத்மஸ்ரீ. நான் இதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "கொடியேற்றம் பாத்தோமே அண்ணா, அந்த சங்கரன்குட்டி. அவருக்கும் இதே கேடுதான் வந்திருக்கு. அதுக்கப்புறம் படம் எடுத்திருக்காரு."

அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழும்பி நின்னா எடுத்தான்?" என்றார்.

"எப்படி எடுத்தா என்ன அண்ணா, எடுத்தாருல்லா?"

ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் நான் போகும்போதெல்லாம், "அந்தக் கிளீனர்ப் பய இப்ப என்ன செய்யான்?" என்று அவராகவே கேட்க ஆரம்பித்தார். நானும் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டு போவேன். பரதன் இயக்கி மம்முட்டி நடித்த 'பாதேயம்' 1993-ல் வந்தது, அதைத் தயாரித்தவர் கோபி என்று போய்ச் சொன்னேன். நடிப்பைப் பற்றி அவர் எழுதிய 'அபிநயம் அனுபவம்' என்னும் நூலுக்கு, சினிமா பற்றிய சிறந்த புத்தகம் என்று 1994-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்ததைச் சொன்னேன். அன்றைக்கு அண்ணன், "நடிச்சதுக்கு ஒண்ணு, படமெடுத்ததுக்கு ஒண்ணு, எழுதினதுக்கு ஒண்ணு" என்று வலது கை விரலை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "மூணுல ரெண்டு விழுந்த பொறவு வாங்கினது" என்றார்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையாளர் எண்ணாத கணக்கு இதுதான்.

படிப்புரைக்கு அவர் எப்போது திரும்பி வந்தார் என்று எனக்கு நாள் குறித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் வேலை முடிந்து போனபோது அங்கே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். துவர்த்து கையின்மேல்தான் கிடந்தது. அண்ணி என்னைப் பார்த்து, பேசாதே என்பதுபோல் கண்ணைக் காட்டினார்கள்.

2006-ல் சத்யன் அந்திக்காட்டின் 'ரசதந்திரம்' வந்தது. மோகன்லால் கதாநாயகன், மீரா ஜாஸ்மினுக்குத் தமிழ்ப் பெண் வேடம். மோகன்லாலின் அப்பாவாகக் கோபி. தியேட்டருக்கு அண்ணனைக் கூட்டிப் போக முடியவில்லை. பின்னால் சி.டி. வாங்கி வந்து வீட்டில் போட்டோம். பிள்ளைகள் எல்லோரும் மோகன்லாலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கோபி வரும் காட்சிகளுக்காகக் காத்திருந்தோம். எப்படி உட்காருகிறார், எப்படித் தலையைத் திருப்புகிறார், ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்தி எங்கே எடுக்கிறார் என்று மட்டும் பார்த்தோம். உடம்பு தளர்ந்துதான் இருந்தது. கண் மட்டும் அதே கண். மகனைப் பார்க்கும்போது அதில் கோபமும் பாசமும் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு கட்டத்தில் அண்ணன் சி.டி.யை நிறுத்தச் சொன்னார். "திரும்பப் போடு, அவன் வாற எடத்த" என்றார். மூன்று முறை போட்டோம். மூன்றாவது தடவை, முகத்தைத் துடைப்பதற்காகக் கையின்மேல் கிடந்த துவர்த்தை எடுத்தார். துடைத்தார். திரும்ப மூடவில்லை, தோளில் போட்டுக்கொண்டார்.

2008 ஜனவரி 29-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் கோபி காலமானார். எழுபது வயது. பக்கவாதம் வந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து. அன்றைக்கு மலையாளத் தொலைக்காட்சி முழுவதும் அவர்தான். அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தார். அண்ணனும் 2011-ல் போய்ச் சேர்ந்தார்.

கோபி நடித்தவை எல்லாமே உயர்ந்த படங்கள் என்று நான் வாதாட வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகவும் நடித்திருப்பார், எந்த நடிகர்தான் இல்லை. பிற்காலத்தில் செய்தவை 'கொடியேற்ற'த்துக்குச் சமம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதும்போது, அவர் மிகவும் சிரமப்பட்டு வாழ்ந்த இருபத்திரண்டு வருஷத்தை 'முடிந்துபோனது' என்ற ஒரே சொல்லால் அடித்துவிடக் கூடாது. படுக்கையில் இருந்துகொண்டு உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்கள் எத்தனையோ பேர். என் அண்ணனைப் போன்ற ஒருவர் அந்த வரியைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வேண்டுகோள். முதலாவது, ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பெட்டிச் செய்தியாக இல்லாமல், அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் வரட்டும். இரண்டாவது, கோபியைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை. கேரளத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவருடைய மகன் முரளி கோபியும் நடிகராகவும் திரைக்கதையாசிரியராகவும் இருக்கிறார். உங்கள் செய்தியாளர் ஒருவர் ஒருநாள் ரயிலேறினால் போதும். மூன்றாவது வேண்டுகோள் உங்களுக்கு மட்டுமானதில்லை. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழி விருதுப் படங்கள் போடுவார்கள். தமிழ்நாட்டில் பாஷை புரியாமலேயே எத்தனையோ வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டே அவற்றைப் பார்த்தோம். அந்த வழக்கம் போனபின் அடுத்த தலைமுறைக்கு இந்த நடிகர்களின் முகமே தெரியாமல் போய்விட்டது. நம் ஊர்களில் திரைப்படச் சங்கங்கள் நடத்துபவர்கள் 'கொடியேற்ற'த்தையும் 'சிதம்பர'த்தையும் தமிழ் எழுத்து ஓட விட்டுத் திரையிடலாம். தமிழாக்கத்துக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். இரண்டு மொழியும் தெரியும், பொழுதும் இருக்கிறது, கூலி வேண்டாம்.

கட்டுரை போடும்போது படமும் போடுவீர்கள். 'கொடியேற்றம்' படத்துக் கறுப்பு வெள்ளைப் படம் எல்லோரிடமும் இருக்கும், அதைப் போடுங்கள். அதன் பக்கத்தில், அதே அளவில், நோய்க்குப் பிறகு எடுத்த படம் ஒன்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சு.ப.,
மின்வாரியம் (ஓய்வு),
தக்கலை.